சறுக்கினால் கையை எடு

உங்கள் வீட்டு இரும்புப் பீரோவை நாலு பேர் மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பாதிப் படியில் ஒருவருக்குக் கால் வழுக்குகிறது. பீரோ சரிகிறது. உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் சத்தம் எது? "ஐயோ, பீரோ!" என்பதா, "ஐயோ, ஆளு!" என்பதா? நீங்கள் பதில் சொல்லத் தயங்கலாம். தூக்குகிறவர்கள் தயங்க மாட்டார்கள், அவர்களுக்கு அந்தப் பதில் ரொம்ப காலமாகத் தெரியும். அதனால்தான் பீரோ சரியும்போது அவர்கள் விலகி ஓடுவதில்லை. தோளைக் கொடுக்கிறார்கள்.

வெண்மதியின் அப்பா ராயப்பன் அப்படித் தோளைக் கொடுத்தவர். கனத்த எந்திரங்களைச் சங்கிலியும் உருளையும் கடப்பாரையுமாக நகர்த்திக் கொண்டுபோய் உட்காரவைக்கிறவர்களுக்குத் தொழில் வட்டாரத்தில் கலாசி என்று பெயர். ராயப்பன் கலாசி. நெய்வேலியை ஒட்டிய சிற்றூரில், அடுத்தவர் நிலத்தில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம். சொந்தமாக ஒரு சாண் மண் இல்லாததால், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்து வேலை கேட்கும் வழியும் அவர்களுக்கு இல்லை. இருந்த ஒரே சொத்து தோள். அதை வைத்துக்கொண்டு அவர் வெளியூர் ஆலைகளுக்கெல்லாம் கான்ட்ராக்டில் போய்வந்தார்.

தூரத்து ஊரில் ஒரு சிமென்ட் ஆலை. மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த மோட்டார் சறுக்கியது. மற்றவர்கள் தாவி விலகினார்கள். ராயப்பன் தாங்கப் போனார். மோட்டாருக்கு ஒரு கீறல் இல்லை. அந்த வாரமே அதைப் பொருத்தி ஓட்டிவிட்டார்கள். ராயப்பனை ஒரு வேனில் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்கள்.

விசாரணை நடந்தது. "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று முடித்தார்கள். கவனம் குறைந்தவரா அவர்? தன் உயிரைத் தவிர மற்ற எல்லாவற்றின் மீதும் கவனமாக இருந்த மனிதர்! துக்கத்துக்கு வந்தவர்கள் இன்னொரு வகையாக முடித்தார்கள்: விதி. விதிக்கு முகவரி கிடையாது, அதற்கு நோட்டீஸ் அனுப்ப முடியாது, அதைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆலை முதலாளிக்கு இதைவிட வசதியான தெய்வம் வேறு எங்கே கிடைக்கும்?

பள்ளிச் சீருடையில் அன்று அந்தக் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்த வெண்மதிக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மற்றவர்கள் விலகினார்களே, அப்பா ஏன் கையை எடுக்கவில்லை?

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே அவள் வளர்ந்தாள். அம்மா சாமியம்மாள் நெய்வேலி நகரியத்துக் குவார்ட்டர்ஸ்களில் வீட்டு வேலை செய்து படிக்கவைத்தார். வெண்மதி சைக்கிளில் பிளாக் பிளாக்காகக் கடந்து பள்ளிக்குப் போனாள், மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தாள், பிறகு தொழிற்பாதுகாப்புக்கென்று தனியாக ஒரு படிப்பும் படித்தாள். இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியவள். பிரவின்குமார் என்பவர் நடத்தும் எந்திரம் நகர்த்தும் கான்ட்ராக்டில் சேஃப்டி சூப்பர்வைசர். ஆட்கள் முகத்துக்கு நேரே அவளை மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "கையெடு மேடம்".

அந்த ஆட்களுக்கு மேஸ்திரி கொளஞ்சியப்பன். ராயப்பனோடு ஒரே செட்டில், ஒரே ஆள்கூட்டமாக வேலைக்குப் போனவர், தெருவும் ஒன்று. வெண்மதிக்கு அவர் சித்தப்பா முறை. தலை நரைத்தும் உடம்பு தளராத அவருக்கு ஒரு பெருமை உண்டு, டீக்கடையில் யார் கிடைத்தாலும் சொல்லுவார்: "நான் கை வெச்ச சரக்கு இதுவரிக்கும் கீழ வுழுந்தது கெடையாது."

கேட்பவர்கள் மெச்சுவார்கள். வெண்மதி மட்டும் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அப்பாவும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

நகரியத்தின் ஓரத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் வந்தது. கண்ணாடித் தகட்டின் மீது மிக மெல்லிய பூச்சு ஏற்றி, சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடுகளைச் செய்து பார்க்கும் இடம். காலையில் துணி காயப்போட்டு மாலையில் எடுத்தால் நிலக்கரித் தூசியை உதறிவிட்டு மடிக்கும் ஊரில், தூசியே இல்லாத ஓர் அறை! உள்ளே வரும் காற்றுகூட கூரையிலிருக்கும் வடிகட்டிகளின் வழியாகத்தான் வரும். அந்த அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டிய எந்திரம் நாலு டன் கனம். துருப்பிடிக்காத எஃகில் ஒரு பெரிய அறை, அதன் பக்கத்தில் காற்றை உறிஞ்சும் பம்புகள். உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி வெற்றிடமாக்கி, அதற்குள் உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடி மேல் படியவைக்கும் எந்திரம் அது. எங்காவது மோதி உடம்பு நெளிந்தால் காற்று கசியும். காற்று கசிந்தால் அது வெறும் இரும்பு.

பம்புகள் ஒரு பக்கமாக இருந்ததால் அதன் பாரமும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. இது வெண்மதிக்குப் பிடிக்கவில்லை. தவிர, அறையின் தளம் வெளி நடையைவிட முழங்கால் உயரம் கூடுதல். இரும்புத் தகடு போட்ட சரிவில்தான் ஏற்றவேண்டும். அந்தச் சரிவின் ஒரு பக்கத்தில் சுவர். எந்திரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம்.

அந்த இடைவெளியை வெண்மதி இரண்டு தடவை அளந்து பார்த்தாள். சரிவின் இரண்டு ஓரத்திலும் இரும்பு ஆங்கிளைப் பற்றவைத்துக் கரை கட்டச் சொன்னாள், உருளை வெளியே ஓடாமல் இருக்க. முன்னாலிருந்து கம்பியைச் சுற்றி இழுக்க ஒரு வின்ச், பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு வின்ச். இடைவெளிக்குள் யாரும் போகக் கூடாது என்று மஞ்சள் கோடு. எல்லாம் செய்யலாம். ஆனால் நாலு டன் சறுக்கும்போது கொளஞ்சியப்பன் கோட்டுக்கு வெளியே நிற்பாரா?

அதற்காகத்தான் ஒத்திகை வைத்தாள். வடலூர் சாலையில் பிரவின்குமாரின் ஷெட்டுக்குப் பின்னால் திடலில் ஒரு காலி மரப்பெட்டி. ஆய்வுக்கூட அறைக்குள் விசிறிச் சத்தத்திலும் முகமூடிக்கு நடுவிலும் வாய்ப்பேச்சு கேட்காது என்பதால் அவள் கையில் பேட்டரி ஹாரன். ஹாரன் கேட்டால் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போய்விடவேண்டும். அவ்வளவுதான் பாடம்.

ஆட்கள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெண்மதி கயிற்றை இழுத்துப் பெட்டியைச் சரியவிட்டு ஹாரனை அழுத்தினாள். வின்ச் ஓட்டும் மணிமாறன் உட்பட எல்லாரும் விலகினார்கள். கொளஞ்சியப்பன் மட்டும் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"சித்தப்பா, செத்துட்டீங்க" என்றாள் வெண்மதி.

திடலே சிரித்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி ஹாரன். மறுபடி அவர் தோள் பெட்டிக்குக் கீழே.

"மறுபடியும் செத்துட்டீங்க."

"அடப்போ பாப்பா! இன்னிக்கு எத்தினி வாட்டி எனக்குக் கருமாதி வெப்ப?"

"நீங்க கைய எடுக்கற வரைக்கும்."

"மேடம், காலிப் பெட்டிதானே" என்றான் மணிமாறன், அவருக்காகப் பரிந்து. "புடிச்சிகினாதான் இன்னா?"

"காலிப் பெட்டியையே விட மனசு வரலியே மணி, நாலு டன்ன எப்படி விடுவாரு?"

சாலையில் போன ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, "இன்னாங்க, கண்ணாமூச்சியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கொளஞ்சியப்பனுக்கு வெட்கமாகிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ கேனை நோக்கி நடந்தார். வெண்மதி பின்னாலேயே போனாள்.

"சித்தப்பா, கோபமா?"

"கோவம் இல்ல பாப்பா." அவர் டீயை ஊதினார். "நீ படிச்ச பொண்ணு, சரியாதான் சொல்ற. ஆனா ஒண்ணு யோசன பண்ணு. சரக்கு வுழுந்துச்சின்னா, மேஸ்திரி வுட்டுட்டான்னு பேரு. அதோட எனக்கு எவனும் வேல குடுக்கமாட்டான். எனக்கு மட்டுமா? இந்த செட்டுக்கே குடுக்கமாட்டான். என் கை போச்சின்னு வெய்யி, அடி பட்ட ஆளுன்னு நாலு பேரு வந்து பாப்பான். ரெண்டுல எது மேலு?"

வெண்மதிக்குக் கையிலிருந்த டீ தம்ளர் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை. பள்ளிச் சீருடையில் அவள் சுமக்கத் தொடங்கிய கேள்விக்கான பதில், டீ கேனுக்குப் பக்கத்தில், இவ்வளவு சாதாரணமாக வந்து விழுந்திருந்தது. அப்பா வீரத்துக்காகக் கையை வைக்கவில்லை. கையை எடுக்க அவருக்கு வசதி இல்லை.

*

மறுநாள் ஒத்திகை பார்க்க ஆய்வுக்கூடத்தின் எஞ்சினியர் பவித்ரா வந்தார். வெண்மதி வயதுதான். ஆட்களுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "யாரும் பயப்படாதீங்க. மெஷினுக்கு இன்சூரன்ஸ் இருக்கு" என்றார்.

"மெஷினுக்கு இருக்குதுங்களா! ரொம்ப சந்தோஷம்மா" என்றார் கொளஞ்சியப்பன். "எங்களுக்குங்க?"

பவித்ரா பிரவின்குமாரைப் பார்த்தார். பிரவின்குமார் செருப்பைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. பெரிய கான்ட்ராக்டர்களிடம் வேலை எடுத்து, அவர்கள் பிழிந்ததுபோக மிஞ்சியதில் தொழில் நடத்துகிறவர். ஆனால் கெட்டவர் இல்லாத மனிதர்களை வைத்தே எவ்வளவு அநியாயத்தைச் சுலபமாக நடத்த முடிகிறது, பாருங்கள்! கண்ணாடிக்குப் பூச்சு பூசும் இரும்புக்கு அடிபட்டால் என்ன செய்வது என்று ஒரு கூட்டமே உட்கார்ந்து யோசித்திருக்கிறது. அதை நகர்த்துகிறவனுக்கு அடிபட்டால் என்ன என்பது யார் மூளையிலும் தோன்றவில்லை.

வெண்மதி ஹாரனைப் பெட்டி மேல் வைத்தாள்.

"சார், ரெண்டு விஷயம். ஒவ்வொருத்தர் பேருலயும் இன்சூரன்ஸ் போடணும். அப்புறம், சரக்கு போனாலும் யாருக்கும் வேல போகாதுன்னு உங்க வாயால நீங்க சொல்லணும். எல்லார் முன்னாலயும்."

"வெண்மதி, மெஷின் ஏத்துன லாரி வந்துகினு இருக்குதும்மா. இந்த நேரத்துல போயி…"

"வரட்டும் சார். பிரிக்காம நிக்கட்டும்."

"ஆளுங்க ஒண்ணும் கேக்கலியே, நீதானே கேக்குற?"

அப்போது நடந்ததை வெண்மதி இன்றும் நினைத்து நினைத்துச் சிரிப்பாள். கொளஞ்சியப்பன் போய் அந்தக் காலிப் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டார். அவர் கையைக் கட்டி யாரும் அதுவரை பார்த்ததில்லை. மணிமாறன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"நாங்களும் கேக்குறோம்ங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

லாரி வந்தது, பிரிக்கப்படாமல் நின்றது. பவித்ரா தன் மேலிடத்தில் பேசினார். ஆட்களுக்கு ஏற்பாடு ஆகாமல் எந்திரத்தைத் தொடவிட மாட்டேன் என்று அவர் பங்குக்கு நின்றார். ஏற்பாடு ஆயிற்று. பிரவின்குமார் எல்லாரையும் திடலில் நிற்கவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "சறுக்குனா வுட்டுடுங்கப்பா. வேலைக்கு நான் பொறுப்பு" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. நல்ல வார்த்தை சொல்ல அவரையும் இதுவரை யாரும் கேட்டதில்லைபோலும்.

ஆனால் உடனே அடுத்ததற்கு வந்தார். "சரி, நாளைக்கு மெஷின் முன்னால ஒரு பூசணிக்கா, ஒரு சூடம்."

"சூடப் புகை உள்ள போச்சுன்னா அறையையே மறுபடி கழுவணும் சார்" என்றார் பவித்ரா.

"உங்க ஷெட்டுல வெச்சிக்கங்க சார்" என்றாள் வெண்மதி. "பூசணிக்காய ரோட்டுல உடைக்காதீங்க. பைக்ல வர்றவன் சறுக்கி வுழுந்தா அவனுக்குத் திருஷ்டி யார் கழிக்கிறது?"

பிரவின்குமார் ஷெட்டுக்குள்ளேயே சூடம் காட்டினார். விஷயம் முடிந்தது என்று வெண்மதி நினைத்தாள்.

*

வேலை நாள். காலை ஷிப்ட் பஸ்கள் போய் ஓய்ந்தபின் தொடங்கினார்கள். எந்திரத்தை வெளி நடையிலேயே மேல்பெட்டி பிரித்து, துடைத்து, உருளைத் தட்டுகள் மேல் ஏற்றினார்கள். சரிவிலிருந்தே அறையின் விதிகள் தொடங்கும் என்பதால், பிறகு ஆட்கள் உடுப்பு மாற்றினார்கள். தலை முதல் கால் வரை வெள்ளை. முகமூடி, கண்ணாடி, இரட்டைக் கையுறை. கண் மட்டும்தான் தெரியும்.

"இன்னா மணி இது, பொணத்துக்குக் கோடித்துணி போத்துன மாறி?" என்றார் கொளஞ்சியப்பன்.

"நான் மணி இல்லீங்க, பவித்ரா" என்றது எதிரிலிருந்த வெள்ளை.

குடியிருக்கும் பிளாக்கைக் கேட்டு ஆளை அளக்கும் ஊர் இது. பர்மனென்டா கான்ட்ராக்டா, எந்தத் தெரு, யார் வகையறா என்று பேச்சின் முதல் மூச்சிலேயே துருவிவிடுவார்கள். அந்த அறை வாசலில் அத்தனையும் கழன்று விழுந்துவிட்டது. எஞ்சினியரும் கலாசியும் ஒரே அச்சு. ஒரு தொளதொள உடுப்பால் முடிகிற காரியத்துக்கு நாம் எத்தனை நூற்றாண்டைச் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்!

எந்திரம் சரிவில் ஏறத் தொடங்கியது. மணிமாறன் வின்ச்சை ஒவ்வொரு பல்லாக இழுத்தான். நாலு டன் சத்தமில்லாமல் நகர்ந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் வெண்மதி நிறுத்தச் சொன்னாள். பின்னால் போய்ப் பிடிவின்ச்சின் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். விறைப்பாக இருந்தது. முன்பக்கம் திரும்பிக் கையைக் காட்டினாள். வின்ச் மீண்டும் இழுத்தது.

முன் உருளைகள் வாசற்படியைத் தொட்ட நொடியில் எந்திரம் ஒரு பக்கமாக வழுக்கியது.

உருளை உருளவில்லை. இரும்புத் தகட்டின் மீது சோப்புக்கட்டிபோலச் சறுக்கியது. பம்பு இருந்த கனத்த பக்கம் சுவரை நோக்கித் திரும்பியது. மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்ற வெள்ளை உருவங்களில் ஒன்று கோட்டைத் தாண்டியது. முகம் தெரியாவிட்டால் என்ன? முன்னே போன அந்தத் தோளை வெண்மதி எங்கே பார்த்தாலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

ஹாரனை அழுத்தினாள். விரல் வெளுக்கும்வரை அழுத்தினாள்.

வெள்ளைக் கையுறை எந்திரத்தின் உடம்பில் ஒரு கணம் ஒட்டி நின்றது. பிறகு எடுபட்டது. இரண்டு கையையும் காது வரை தூக்கிக்கொண்டு கொளஞ்சியப்பன் பின்னால் போனார்; போலீஸ்காரனைக் கண்ட திருடன்போலப் போனார்.

எந்திரத்தின் அடிச்சட்டம் சுவரில் உரசிக்கொண்டு போய், உருளை ஆங்கிள் கரையில் மோதி, ஒருமுறை குலுங்கி நின்றது. பிடிவின்ச் பிடித்துக்கொண்டது. கூரையில் விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

வெண்மதி வெள்ளைகளை எண்ணினாள். எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் கை கால் இருந்தது. கண்ணாடிக்குள் அவளுக்குக் கண்ணீர் பெருகியது. அந்த அறையில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க அனுமதி இல்லை. கன்னத்தில் ஓடி முகமூடியில் ஊறட்டும் என்று விட்டுவிட்டாள்.

பின்னும் முன்னும் கட்டையால் அண்டை கொடுத்து எந்திரத்தை அசையாமல் நிறுத்தியபின், முன் உருளையைப் பார்க்கக் குனிந்தாள். முகமூடியையும் தாண்டி ஒரு வாசனை. எந்த வாசனையும் இருக்கக் கூடாத அந்த இடத்தில், எலுமிச்சை வாசனை.

உருளைக்கு அடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம். இன்னொன்று மறுபக்க உருளைக்குச் சிக்காமல் ஓரமாக உருண்டு கிடந்தது. புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு வைப்பதுபோல வைத்திருக்கிறார்கள்.

"யாரு இது?"

எல்லா வெள்ளைகளும் ஒரு வெள்ளையைப் பார்த்தன.

"நாந்தான் பாப்பா."

"எப்ப வெச்சீங்க?"

"நீ பின்னால போனியே, அப்ப."

"உள்ள எப்படிக் கொண்டாந்தீங்க?"

"ரூல்சுப்படிதான் கொண்டாந்தேன்" என்றார் கொளஞ்சியப்பன், ரோஷத்தோடு. "சாமான் உள்ள வுடுற சின்ன ஜன்னல் இருக்குதில்ல, அதுல வெச்சி, ஸ்பிரிட்டு ஊத்தி நல்லா தொடச்சிட்டுதான் எடுத்தேன். ஒரு தூசி இருக்காது. வேணும்னா மீட்டர் வெச்சி பாரு."

முதலில் சிரித்தது பவித்ராதான். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தூசி இருக்கக் கூடாது என்ற விதியையும் காப்பாற்றி, சக்கரத்துக்குப் பழம் வைக்கும் வழக்கத்தையும் காப்பாற்றி, நாலு டன்னைச் சறுக்கவிட்ட மனிதரை யாரால் வைய முடியும்?

வெண்மதியால் முடிந்தது. "ஆளுக்கு இன்சூரன்ஸ் போட்டாச்சேன்னு நேத்துதானே சொன்னீங்க! அப்புறம் எலுமிச்ச எதுக்கு?"

"அது ஆளுங்களுக்கு. மெஷினுக்கு நாம ஒண்ணும் பண்ணலியேன்னுதான்…"

"மெஷினுக்குத்தான் சித்தப்பா முதல்லயே போட்டிருக்காங்க!"

"ஆமாம்ல" என்றார் கொளஞ்சியப்பன். பிறகு சுவரருகே போய், அடிச்சட்டம் கிழித்த கோட்டைக் கையுறை விரலால் தடவினார். அது அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. "இங்கதானே நின்னிருப்பேன்."

கோட்டிலிருந்து விரலை எடுத்து வெண்மதி பக்கம் திரும்பினார்.

"தோளு தானா முன்னால போயிடுச்சி பாப்பா, பழக்கம். ஹாரன் கேட்டதும், சித்தப்பா செத்துட்டீங்கன்னு நீ சொல்றாப்ல இருந்துச்சி. அப்பதான், வேல போவாதுன்னு கான்ட்ராக்டரு சொன்னாரேன்னு நெனப்பு வந்துச்சி. கைய எடுத்துட்டேன்."

எலுமிச்சையைக் கண்டு அவரைப் பழிக்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். சாமிக்கு நேர்ந்துகொள்வதைவிட நல்ல பாதுகாப்பு ஒன்று இருக்கிறது என்று அவருக்கு யார் எப்போது காட்டினார்கள்? வாழ்நாள் முழுக்க அந்தப் பழத்தைத் தவிர வேறெதையும் அவர் கையில் கொடுக்காதவர்களுக்கு, அதைப் பிடுங்கும் உரிமை மட்டும் எங்கிருந்து வரும்? பழம் அவரைக் காப்பாற்றவில்லை, கவிழ்க்கப் பார்த்தது. காப்பாற்றியது கூட்டமாக உட்கார்ந்து வாங்கிய ஒரு வாக்கு. இதை அவருக்கு யாரும் சொற்பொழிவு ஆற்றிப் புரியவைக்கவில்லை. சுவரில் இருந்த கோடு சொல்லிவிட்டது.

தகட்டைத் துடைத்தார்கள். கரையைச் சரிபார்த்தார்கள். ஜாக்கி கொடுத்து எந்திரத்தைத் தூக்கி, உருளைகளை நேராக்கி மறுபடி ஏற்றினார்கள். வெயில் சாயும் நேரத்தில் அது தன் இடத்தில், மட்டம் பார்த்து, நாலு காலிலும் ஒரே பாரமாக உட்கார்ந்தது. ஓரமாகக் கிடந்த நசுங்காத எலுமிச்சையைக் கொளஞ்சியப்பன் வெளியே எடுத்துவந்து, மோர் கேனில் பிழிந்துவிட்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் வெண்மதி அம்மாவிடம் முதலில் எதையும் சொல்லவில்லை. சாமியம்மாள் மீன் அலசிக்கொண்டிருந்தார். மகள் வேலைக்குப் போன நாட்களில் அவர் எதுவும் கேட்க மாட்டார். செருப்புச் சத்தம் கேட்கும்வரை கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார், அவ்வளவுதான்.

"அம்மா, இன்னிக்கு மெஷின் சறுக்கிடுச்சி."

அலசிய கை நின்றது. அவர் மகளைப் பார்க்கவில்லை. சட்டித் தண்ணீரையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"யாரும் புடிக்கலியே?"

"யாரும் புடிக்கலம்மா."

"கொளஞ்சியுமா?"

"கைய எடுத்துட்டாரும்மா."

சாமியம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்குப் போய், எதிர் வரிசையில் இருந்த கொளஞ்சியப்பன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "யோவ் கொளஞ்சி! மீன் கொழம்பு வெக்கறேன், சோத்துக்கு இங்க வா!" எதிர் வீட்டிலிருந்து, "வரேன் அண்ணி, மொளவா கம்மியா போடு" என்று பதில் வந்ததும் சிரித்துவிட்டார்.

சில நாள் கழித்துப் பவித்ரா போன் செய்தார். எந்திரத்தின் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, வெளியே மூட்டுகளின் மேல் ஹீலியம் வாயுவைப் பீய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு உள்ளே நுழைந்து காட்டிக்கொடுத்துவிடும். எங்கும் கசிவு இல்லை. கைவிட்ட சரக்கும் பிழைத்துக்கொண்டது. வெண்மதி ஸ்பீக்கரில் போட்டாள், எல்லாரும் கேட்டார்கள்.

"மெஷின் நல்லா இருக்குதாம் சித்தப்பா."

"இருந்துட்டுப் போவட்டும்" என்றார் கொளஞ்சியப்பன். டீக்கடையில் இப்போது அவர் பெருமை மாறிவிட்டது. "நாலு டன்னு! தோ, இந்தக் கையால வுட்டேன்" என்று கையைத் தூக்கிக் காட்டுகிறார். கேட்பவர்களுக்குப் புரிவதில்லை. வெண்மதிக்குப் புரிகிறது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ரசித்து டீ குடிக்கிறாள்.

இனி உங்கள் முறை. நாளைக்கோ அடுத்த மாதமோ உங்கள் வீட்டுக்கு ஒரு பீரோவோ ஃபிரிட்ஜோ தூக்க ஆட்கள் வருவார்கள். அவர்கள் கை வைப்பதற்கு முன்னால் அருகே போய், அவர்கள் முகத்தைப் பார்த்து, உங்கள் வாயால் இதைச் சொல்லுங்கள்: "சறுக்குனா கைய எடுத்துடுங்க. பொருள் போனா போவுது, உங்கமேல ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டு, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.